குண்டு விழுந்த தூரம்

அமெரிக்க அதிபர்களில் ஐந்து பேர் படித்த பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த மனிதர் நிலம் வாங்கிய இடம் கடலூர் தேவனாம்பட்டினம். பட்டா கிடையாது, சிட்டா கிடையாது, சங்கிலி பிடித்து அளக்க ஒரு கர்ணம்கூட வரவில்லை. பீரங்கியை வைத்து அளந்தார். புறவழிச்சாலை ஓரம் கலர் கொடி நட்டு மனை விற்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் முப்பாட்டன். ஆனாலும் ஒரு மனை விளம்பரத்தில்கூட அவர் படத்தைப் போடுவதில்லை. நன்றி கெட்ட தொழில்.

பெயர் எலிஹு யேல். 1649இல் போஸ்டனில் பிறந்தவர். விவரம் தெரியும் முன்பே பெற்றோர் இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அமெரிக்கா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து, மேலே மேலே போய், 1687இல் மதராஸ் கவர்னர் ஆனார். அந்த நேரம் பார்த்து மராட்டிய ராஜாராம், மொகலாயப் படை துரத்தியதில் செஞ்சிக் கோட்டையில் ஒதுங்கியிருந்தார். கோட்டை பெரிது, கஜானா சிறிது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விற்க வேண்டிய நெருக்கடி. 1690இல் பேரம் முடிந்தது. கோட்டையோடு, அதைச் சுற்றி பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு.

விற்றவர் ஏதோ நாலு வயல், இரண்டு தென்னந்தோப்பு போகும் என்று நினைத்திருப்பார். யேல் என்ன செய்தார் தெரியுமா? இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து மதராஸிலிருந்து அனுப்பினார். கூடவே குறிப்பும் போனது: எப்படிக் கெட்டித்து எப்படிச் சுட்டால் அதிக தூரம் போகுமோ அப்படிச் சுடுவது சுடுகிறவன் கெட்டிக்காரத்தனம் என்று. கடல் பக்கம் விட்டு மற்ற பக்கமெல்லாம் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமே உள்ளே வந்துவிட்டது. குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. காலையில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவன் தலைக்கு மேல் ஏதோ ‘விர்’ரென்று போனது, சாயங்காலம் அவன் ஆங்கிலேயப் பிரஜை.

கோட்டை நிலைக்கவில்லை. 1758இல் பிரெஞ்சுக்காரர் லாலி வந்து தரைமட்டமாக்கிவிட்டுப் போனார். ஆனால் அன்று கடலூர் கற்றுக்கொண்ட அரசியல் பாடம் மட்டும் இடியவில்லை. நம் சத்தம் எதுவரை போகிறதோ அதுவரை நம் எல்லை. பீரங்கி போய் அச்சுக்கூடம் வந்தது, மைக் செட் வந்தது, டி.வி. வந்தது. சுடுகிறவர்கள் மாறினார்கள். வரப்பில் நிற்பவன்தான் மாறவே இல்லை.

யேல் கதை இன்னும் கொஞ்சம் பாக்கி. சொந்தக் கணக்கில் வியாபாரம் பார்த்தார் என்ற புகாரில் 1692இல் பதவி போனது; பணம் போகவில்லை. லண்டனில் போய் உட்கார்ந்தார். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரி, கட்டடம் கட்டக் காசில்லாமல் தவித்தது. காட்டன் மாதர் என்ற பாதிரியார் யேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். பணிவான கடிதம்தான். சாரம் மட்டும் நம் ஊர் மண்டகப்படி உபயம் மாதிரி: நீங்கள் கொடுங்கள், உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறோம். 1718இல் யேல் அனுப்பியது ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னர் படம் ஒன்று. மூட்டைகளை விற்றதில் 562 பவுன் தேறியது. அவ்வளவுதான். முந்நூறு வருஷமாக அந்தப் பெயர் நிற்கிறது. விளம்பரத்துக்குக் கொடுத்த காசில் இவ்வளவு மலிவாக முடிந்த வியாபாரம் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டியூப்லைட் கொடுத்துவிட்டு வெளிச்சமே தெரியாத அளவுக்குப் பெயர் எழுதிவைக்கும் நம் உபயதாரர்கள் தோற்றார்கள்.

அந்தக் கல்லூரியிலிருந்து டாஃப்ட், ஃபோர்டு, பெரிய புஷ், கிளிண்டன், சின்ன புஷ் என்று ஐந்து அதிபர்கள் வந்தார்கள். 2004இல் மோதிக்கொண்ட புஷ், கெர்ரி இருவருமே அங்கே படித்தவர்கள். அதிபர்களை மட்டும் தயாரித்தால் போதுமா, அவர்கள் படத்தை அட்டையில் போட ஆள் வேண்டாமா? மாணவர் பத்திரிகையில் கை பழகிய ஹென்றி லூஸ், பிரிட்டன் ஹாடன் என்ற இரண்டு பையன்கள் அங்கிருந்து வெளியே வந்து 1923இல் ‘டைம்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். உற்பத்தியும் விற்பனையும் ஒரே கூரையின் கீழ்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. பீரங்கிக்குப் பயப்பட மாட்டார்கள், பத்திரிகைக்குப் பயந்து சாவார்கள். கல்கத்தாவில் வில்லியம் டுவேன் என்று ஒரு ஆசிரியர் கம்பெனியைப் பற்றிக் கண்டபடி எழுதினார். பிடித்துக் கப்பலேற்றிவிட்டார்கள். சொத்தையெல்லாம் இழந்துவிட்டுப் போனவர், ஒருவழியாக ஃபிலடெல்ஃபியா சேர்ந்து ‘அரோரா’ என்ற பத்திரிகையில் உட்கார்ந்தார். 1800இல் அதிபர் தேர்தல் ஓட்டுகளை எண்ணும் முறையையே மாற்ற செனட் கமுக்கமாக ஒரு மசோதா வைத்திருந்தது. டுவேன் அதைத் தூக்கிப் பத்திரிகையில் போட்டுவிட்டார். செனட்டுக்குக் கோபம். அவமதிப்பு என்று ஆளைப் பிடிக்க உத்தரவு போட்டது. டுவேன் தலைமறைவானார், பத்திரிகை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தேர்தலில் அவர் ஆதரித்த ஜெஃபர்சன் ஜெயித்தார். ஆக, அமெரிக்காவுக்குக் கம்பெனி இரண்டு நன்கொடை தந்திருக்கிறது. ஒன்று, வேலையிலிருந்து தூக்கிய கவர்னர். இன்னொன்று, ஊரைவிட்டுத் தூக்கிய பத்திரிகை ஆசிரியர். இரண்டுமே கழித்துப்போட்ட சரக்கு.

கடலூருக்கு வருவோம். இங்கே அன்று ஒரு வசதி இருந்தது. பொழுது போகவில்லை என்றால் நடந்தே வெளிநாடு போகலாம். பக்கத்தில் அன்றைய பிரெஞ்சுப் புதுச்சேரி. 1908இல் ‘இந்தியா’ பத்திரிகையை மதராஸில் நடத்த முடியாமல் பாரதி அங்கே கொண்டுபோனார். சிவப்புத் தாளில் அச்சாகி, கேலிச் சித்திரம் போட்டு வந்த பத்திரிகை அது. அச்சடிப்பது பிரெஞ்சு மண்ணில், அடி விழுவது ஆங்கிலேயன் முதுகில். பீரங்கி வைத்து எல்லை போட்ட கும்பலால் ஒரு சிவப்புத் தாளை எல்லையில் நிறுத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. கடைசியில் தபாலைத் தடுத்து 1910இல் நிறுத்தவைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 1918 நவம்பரில் பாரதி எல்லை தாண்டினார். கடலூர் அருகே கைது. கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்து டிசம்பரில் விட்டார்கள். விட்டதிலும் ஒரு நிபந்தனை: எழுதுவதையெல்லாம் போலீஸிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிட வேண்டும். தமிழ்க் கவிதைக்கு உத்தியோகபூர்வ விமர்சகராகப் போலீஸ் இலாகா அமர்ந்தது அப்போதுதான். அதற்குப் பின் வந்த சில விமர்சகர்களைப் பார்க்கும்போது போலீஸே தேவலை.

இதே வருஷம் அமெரிக்காவில் யூஜின் டெப்ஸ் என்ற சோஷலிஸ்ட் யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காகக் கைதானார். 1920இல் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். பேச்சுச் சுதந்திரத்துக்கு உலகிலேயே பெரிய கோயில் கட்டிய நாடு, சாமியைக் கொஞ்ச நாள் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது.

அடுத்து கடலூர் வானத்தில் பறந்த பொருள் இரும்புக் குண்டு இல்லை, செருப்பு.

1944. பெரியார் கடலூரில் கூட்டம் பேசிவிட்டு ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருக்கிறார். இருட்டில் யாரோ ஒரு செருப்பை வீசுகிறார். கட்சி மேடைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இப்படிப் போகும்: கொஞ்ச தூரம் போன பெரியார் வண்டியைத் திருப்பச் சொன்னார். தொண்டர்களுக்குக் குலை நடுக்கம். வந்த இடத்துக்கே போனார். எதிர்பார்த்தபடி இரண்டாவது செருப்பும் வந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒற்றைச் செருப்பு அவனுக்கும் உதவாது, நமக்கும் உதவாது என்பது கணக்கு. சிக்கனத்தில் பேர்போன ஈரோட்டு வியாபாரி ஜோடி சேராத சரக்கைக் கையில் வைத்திருப்பாரா?

அன்று கேமரா கிடையாது, நேரலை கிடையாது. இன்று நடந்திருந்தால் ஒன்பது மணி விவாதத்தில் செருப்பின் ஜாதி என்ன, எந்தக் கடையில் வாங்கியது, தைத்தவர் யார் தூண்டுதலில் தைத்தார் என்று கிழித்திருப்பார்கள். அன்று இருந்ததெல்லாம் மேடையும் வாயும்தான். அந்த வாய் 28 வருஷம் அந்தச் செருப்பைக் கீழே விழவிடாமல் காற்றிலேயே வைத்திருந்தது. 1972இல் கடலூரில் பெரியாருக்குச் சிலை வைத்தார்கள். முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்தார். செருப்பு விழுந்த இடத்தில் சிலை முளைக்கும் என்கிற கருத்தில் ஒரு கவிதை ஊரெங்கும் பரவியது. சுட்டவனுக்கு நிலம் என்பது 1690 கணக்கு. வாங்கியவருக்குச் சிலை என்பது கெடிலக் கரையில் வந்த திருத்தம்.

இதே விளையாட்டை அமெரிக்கா எப்படி ஆடியது என்று பாருங்கள். 2008 டிசம்பர் 14. பாக்தாதில் செய்தியாளர் சந்திப்பு. நம்ம யேல் கல்லூரியில் படித்த சின்ன புஷ் நிற்கிறார். அல்-பாக்தாதியா டி.வி.யின் செய்தியாளர் முன்ததர் அல்-ஜைதி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஷூவையும் வீசினார். புஷ் குனிந்தார், நிமிர்ந்தார், இரண்டும் படவில்லை. பத்தாம் நம்பர் ஷூ என்று அளவு சொன்னார். அளவு சொன்னாரே தவிர எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஜோடியாகவே வந்தது, திரும்பிப் போய் வாங்கும் வேலைகூட இல்லை! கடைசியில் அந்த ஷூக்களைப் பாதுகாப்புப் பிரிவினர் சோதனை என்ற பெயரில் அழித்தேவிட்டார்கள். கடலூரில் கோட்டை வாங்கியவர் பெயரில் இருக்கும் கல்லூரியில் கடலூர் வரலாற்றை மட்டும் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது.

இராக்கில் திக்ரித் ஊரில் அந்த ஷூவுக்குப் பெரிதாகச் சிலை வைத்தார்கள். மறுநாளே எடுத்துவிட்டார்கள். எறிந்த பொருளுக்குச் சிலை வைத்தால் ஒரு நாள். எறிபட்டவருக்கு வைத்தால் அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது.

நாலு மாசம் கழித்து, 2009 ஏப்ரலில், டில்லியில் ஒரு செய்தியாளர் சந்திப்பில் அடுத்த ஷூ. எறிந்தவர் ஜர்னைல் சிங், அவரும் பத்திரிகையாளர். வாங்கியவர் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம். கடலூர் ஆரம்பித்ததைச் சிதம்பரம் முடிக்க வேண்டும் என்று விதி இருந்திருக்கிறது. ஊருக்குப் பதில் ஆள். சிதம்பரம் மன்னித்துவிட்டார். எறிந்தவர் பிறகு ஆம் ஆத்மியில் சேர்ந்து 2015இல் டில்லியில் எம்.எல்.ஏ. ஆனார். பாக்தாத்காரர் 2018இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். கடலூரில் எறிந்தவர் பெயர்கூட ஊருக்குப் பரிச்சயம் இல்லை. பாவம், பிரஸ் கார்டு இல்லாத காலத்தில் எறிந்துவிட்டார்.

இனி சிதம்பரம். அங்கே 1929இல் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் வைத்தார். யேலைப் போல மூட்டை அனுப்பிவிட்டு லண்டனில் உட்கார்ந்திருக்கவில்லை. நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே படித்தவர்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்திலிருந்து வக்கீல் வருவார், வக்கீல் அதிபராவார். இங்கே பல்கலைக்கழகத்திலிருந்து பேச்சாளர் வருவார், பேச்சாளர் அமைச்சராவார். நாவலர், பேராசிரியர் என்று பட்டமும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

1960 செப்டம்பரில் கென்னடியும் நிக்சனும் டி.வி.யில் முதல்முறை நேருக்கு நேர் விவாதித்தார்கள். நிக்சன் முகத்தில் வேர்வை வழிந்தது, கென்னடி பளிச்சென்று இருந்தார். தேர்தலே அங்கே திரும்பியது என்று இன்றுவரை சொல்கிறார்கள். நம் பக்கம் வேர்வையைக் குறையாக யாரும் நினைத்ததில்லை. பேச்சாளர் துண்டால் முகம் துடைத்தால் அது உழைப்பின் அடையாளம். தவிர, நாற்பதாவது வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் எங்கே தெரிந்தது? அவனுக்குக் குரல்தான் தலைவர். ஆறு மணிக் கூட்டத்துக்குத் தலைவர் பத்து மணிக்கு வருவார். அதுவரை மைக் செட்காரர் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஆட்சி நடத்துவார். தமிழ்நாட்டில் மறுப்பே இல்லாமல் பேசிய ஒரே அரசியல்வாதி அவர்தான்.

காங்கிரஸ்காரர்கள் இந்த விஷயத்தில் கோட்டைவிட்ட விதம் தனிச் சிறப்பு. அரசாங்கம் அவர்கள் கையில். ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுக்கும் நியூஸ்ரீலை ஒவ்வொரு கொட்டகையிலும் படத்துக்கு முன் காட்டியே தீர வேண்டும் என்று விதி. அணை திறப்பார்கள், கைகுலுக்குவார்கள், அணையைத் திறந்தவர் இன்னொரு அணைக்குப் போவார். அந்தப் பத்து நிமிஷம் ஜனங்கள் வெளியே சோடா குடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம் தி.மு.க.தான். சட்டம் போட்டுக் காட்டியதைப் பார்க்க ஆள் இல்லை. டிக்கெட் வாங்கிப் பார்த்ததைப் பதினைந்து தடவை பார்த்தார்கள். ஆளுங்கட்சிக்கு இடைவேளைக்கு முந்திய கூட்டம்கூடக் கிடைக்கவில்லை.

1965 ஜனவரி 27. இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இதில் கேலிக்கு இடமில்லை. பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது; அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள்.

1967 ஜனவரி 2ஆம் தேதி ஹாலிவுட் நடிகர் ரொனால்ட் ரீகன் கலிஃபோர்னியா கவர்னராகப் பதவியேற்றார். பத்து நாள் கழித்து மதராஸில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் எம்.ஜி.ஆர். படம் போஸ்டராகச் சுவரெல்லாம் ஏறியது. பறங்கிமலையில் வேட்பாளர் ஊர்வலம் வரவில்லை, கைகூப்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை; ஜெயித்துவிட்டார். அவர் இருந்த தி.மு.க.வும் ஆட்சியைப் பிடித்தது. 1690லிருந்து இந்தக் கரையில் எத்தனையோ குண்டு பாய்ந்திருக்கிறது. இவ்வளவு தூரம் போய் விழுந்த குண்டு அது ஒன்றுதான். எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சர். ரீகன் அதிபரானது 1981இல். நடிகரை நாற்காலியில் உட்காரவைக்க அமெரிக்கா நம்மைவிட நாலு வருஷம் பின்தங்கியிருந்தது.

1968இல் முதலமைச்சர் அண்ணா அமெரிக்கா போனார். எங்கே போனார் என்பதுதான் விசேஷம்: சப் ஃபெலோ என்ற கௌரவத்தோடு யேல் பல்கலைக்கழகத்துக்கு. கடலூரைக் குண்டு போட்டு அளந்தவர் பெயரில் இருக்கும் இடத்துக்கு, 278 வருஷம் கழித்து, அந்தக் கடலூரை ஓட்டு வாங்கிப் பிடித்தவர் போய் நின்றார். நானாக இருந்தால் மூலப் பத்திரத்தைக் கேட்டிருப்பேன். அண்ணா பெரிய மனிதர், கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கிருந்து மேடைகளுக்கு ஒரு பொருள் வந்தது. ‘பிகாஸ்’ என்ற சொல் மூன்று முறை அடுத்தடுத்து வரும்படி வாக்கியம் சொல்ல முடியுமா என்று கேட்டார்களாம், அண்ணா அடுத்த விநாடி சொன்னாராம். கேட்டது யேலா, லண்டனா, எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் பேச்சாளருக்குப் பேச்சாளர் பாடபேதம் உண்டு. கேட்டவர் வாயடைத்துப்போனார் என்பதில் மட்டும் ஏகமனது. இங்கிலீஷ் தெரியாத கூட்டம் இதற்குத்தான் பலமாகக் கை தட்டும். அண்ணா எழுதிய நாடகம், நடத்திய பத்திரிகை, போட்ட திட்டம் எல்லாம் மறந்தவர்களுக்கும் அந்த மூன்று ‘பிகாஸ்’ ஞாபகம் இருக்கிறது.

பிறகு டி.வி. வந்த கதை உங்களுக்கே தெரியும். 1975இல் மதராஸ் தூர்தர்ஷன், 1993இல் சன் டி.வி. கட்சிக்குக் கொடி வேண்டும், சின்னம் வேண்டும் என்பது போய், சேனல் வேண்டும் என்றானது. அமெரிக்காவில் சேனல்கள் கட்சி சார்ந்துவிட்டன என்று பேராசிரியர்கள் கவலைப்பட்டுப் புத்தகம் எழுதுகிறார்கள். இங்கே அந்தப் பாசாங்கே கிடையாது. கட்சிப் பெயரை, கட்சித் தலைவர் பட்டத்தை அப்படியே சேனலுக்கு வைத்துவிடுவோம். மக்களுக்கும் குழப்பமில்லை: ஒரே கூட்டத்தை ஒரு சேனலில் கடல் என்பான், இன்னொன்றில் காலி நாற்காலியைக் காட்டுவான். இரண்டையும் பார்த்துப் பாதியாக வகுத்தால் உண்மைக் கணக்கு.

2006இல் தி.மு.க. தேர்தல் அறிக்கையில் வீட்டுக்கு ஒரு கலர் டி.வி. இலவசம் என்று வந்தது. உலகத்தில் எந்த நாட்டிலும் அரசியல்வாதி டி.வி.யில் வர ஆசைப்படுவான், டி.வி.யையே கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போகும் யோசனை வாஷிங்டனுக்கு வரவில்லை. 14 அங்குலப் பெட்டி, ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். பெட்டி அரசாங்கத்துடையது, கேபிள் காசு நம்முடையது. குண்டைச் சுட்டதும் அவர்களே, அது விழ வேண்டிய இடத்தைத் தயார்செய்ததும் அவர்களே என்று எலிஹு யேல் எழுந்து நின்று சல்யூட் வைத்திருப்பார்.

அதே தேர்தலில் கடலூர் மாவட்டத்தில் ஒரு தொகுதி மட்டும் தனி வழி போனது. மாநிலம் டி.வி.யைத் தேர்ந்தெடுத்தபோது விருத்தாசலம் டி.வி.யில் வருகிறவரையே தேர்ந்தெடுத்துவிட்டது. விஜயகாந்தின் புதுக் கட்சி மாநிலமெங்கும் நின்று ஜெயித்த ஒரே இடம் அது. பா.ம.க.வின் பலத்த கோட்டை. அவர்களும் அந்த வருஷமே மக்கள் தொலைக்காட்சி தொடங்கினார்கள். 2010இல் விஜயகாந்தின் கேப்டன் டி.வி. வந்தது. எல்லோரிடமும் பீரங்கி இருக்கும்போது எல்லைக்கு என்ன அர்த்தம்? மக்கள் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

2016. அமெரிக்காவில் ட்ரம்ப் ராத்திரி ட்விட்டரில் தட்டியே வெள்ளை மாளிகைக்குப் போனார். அதே வருஷம் சீமான் கடலூர்ச் சட்டமன்றத் தொகுதியில் நின்றார். அவர் பேச்சை யூடியூபில் லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். கடலூரில் கிடைத்தது ஐந்தாம் இடம். குண்டு உலகமெல்லாம் விழுந்தது, தேவனாம்பட்டினத்தில் மட்டும் விழவில்லை. கனடாவில் உட்கார்ந்து லைக் போட்டவருக்குக் கடலூர் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதைச் சாதனம் சொல்வதில்லை.

2019 சிதம்பரம் மக்களவைத் தொகுதி எண்ணிக்கை நினைவிருக்கிறதா? நாடு முழுக்க முடிவு வந்து, மாலை போட்டு, லட்டு தீர்ந்து, விவாதக்காரர்கள் தொண்டை கட்டிப்போன பிறகும் சிதம்பரம் மட்டும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. நடராஜர் ஊர், ஆடாமல் எப்படி முடியும்? ராத்திரி வெகுநேரம் கழித்துப் பானைச் சின்னத்தில் நின்ற திருமாவளவன் 3,219 ஓட்டில் ஜெயித்தார் என்று வந்தது. சாயங்காலமே ஜெயிக்கவும் தோற்கவும் வைத்த சேனல்கள் அதைப் பற்றி மறுநாள் மூச்சு விடவில்லை. இதில் அமெரிக்கா நமக்கு அண்ணன். 1948இல் ட்ரூமன் தோற்றார் என்று எட்டுக் கலம் தலைப்போடு ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ அச்சடித்துவிட்டது. ஜெயித்த ட்ரூமன் அதையே கையில் விரித்துப் பிடித்துப் போட்டோவுக்குச் சிரித்தார். அதற்கு முன்பு, 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டுவிட்டு ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46ஐ அள்ளினார். பத்திரிகை கொஞ்ச நாளில் படுத்துவிட்டது.

கருத்துக்கணிப்புத் துறைக்குக் கடலூர் செய்த பங்களிப்பு 2024 ஏப்ரலில். மக்களவைத் தேர்தலில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சான். பண்ருட்டி பக்கத்து மண்ணில் பிறந்த எழுத்தாளர், ‘அழகி’ படம் எடுத்தவர். பிரசாரம் போன வழியில் தென்னம்பாக்கம் கோயில் பக்கம் கிளி சோசியம் பார்த்தார். கிளி கூண்டைவிட்டு வந்தது, சீட்டை எடுத்தது, உள்ளே போனது. வெற்றிதான் என்று சோசியர் சொன்னார். கிளியிடம் கேட்டதில் என்ன தப்பு? சாம்பிள் சின்னது, அவ்வளவுதான். கேள்வித்தாள் கிடையாது, சம்பளம் நாலு நெல். வீடியோ வாட்ஸ்அப்பில் பறந்தது. அதைப் பார்த்தவர்களில் வனத்துறையினரும் இருந்தார்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கிளிகள் எத்தனையோ வருஷமாக அதே மரத்தடியில் ஊருக்கே வருங்காலம் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டத்துக்குக் கண் தெரியவில்லை. வேட்பாளருக்குச் சொன்னவுடன் தெரிந்துவிட்டது. சோசியரைப் பிடித்தார்கள், கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். வெற்றி என்று கிளி சொன்னதைத் தாங்க முடியாமல் கைதா என்று கட்சித் தலைமை சீறியது. சோசியரை எச்சரித்து விட்டார்கள். மரத்தடியில் நடந்த ஒரு சின்ன விஷயம் டில்லி சேனல் வரைக்கும் போனது. கடலூரிலிருந்து சுட்ட எதுவும் பக்கத்தில் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஜூன் 4இல் ஓட்டு எண்ணினார்கள். கடலூரில் காங்கிரஸின் விஷ்ணு பிரசாத் ஜெயித்தார். அவர் அப்போது பா.ம.க. தலைவராக இருந்த அன்புமணியின் மைத்துனர். அந்த உறவுச் சிக்கலெல்லாம் கிளிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தங்கர் பச்சானுக்கு மூன்றாம் இடம். கிளி தப்பு. மூன்று நாள் முன்பு, ஜூன் 1ஆம் தேதி ராத்திரி, கோட்டும் டையும் போட்டு, தொடுதிரையைத் தட்டித் தட்டி, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350, 400 என்று எக்சிட் போல் சொன்னவர்களும் தப்பு, வந்தது 293. அவர்களில் ஒருவரையும் எந்தத் துறையும் பிடிக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கும் அவர்களே வந்தார்கள்.